கீசர் சூடாகவில்லை, ப்ளக் மட்டும் சூடாகிறது: வோல்ட்டும் ஆம்பியரும் வைத்துக் கோளாறு பிடிப்பது

அக்கா வீட்டு மாடி பாத்ரூம் கீசருக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை எலிமெண்ட் மாற்றியாகிவிட்டது. இரண்டு முறையும் வந்தவர் பழைய காயிலைக் கழற்றிக் காட்டி, "பாருங்க, உப்பு எப்படிப் படிஞ்சிருக்கு" என்று சொல்லிப் புதிதைப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் தண்ணீர் அதே வெதுவெதுப்புதான். மூன்றாவது முறை அக்கா போன் செய்தபோது நான் மல்டிமீட்டரையும், ஒயரை வெளியிலிருந்து கவ்விக் கரண்ட் பார்க்கும் கிளாம்ப் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கோளாறு கீசரில் இல்லவே இல்லை. அதைப் பிடிக்கத் தேவைப்பட்டது பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கும் இரண்டே வரிதான்.

தடை = வோல்ட் ÷ ஆம்பியர். திறன் = வோல்ட் × ஆம்பியர். இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு கிடைக்கும்: திறன் = ஆம்பியர் × ஆம்பியர் × தடை, திறன் = வோல்ட் × வோல்ட் ÷ தடை. ஜெர்மனியில் கியோர்க் ஓம் 1827-இல் எழுதி வைத்தது முதல் வரி, அதில் இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை. நாம் தப்பு செய்வது சூத்திரத்தில் அல்ல, அதற்குள் எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில். எந்தப் பொருளின் தடை வேண்டுமோ, அந்தப் பொருளின் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள வோல்ட்டைத்தான் போட வேண்டும், அதுவும் அதன் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்ததாக இருக்க வேண்டும். வீட்டில் 230 வோல்ட் வருகிறது என்று பாடமாகத் தெரிந்த எண்ணைத் தூக்கிப் போட்டால் விடையும் பாடப்புத்தக விடையாகத்தான் வரும்.

கை வைப்பதற்கு முன் மூன்று விஷயம். தடையை, அதாவது ஓமை, அளப்பது சப்ளையை நிறுத்தி, ப்ளக்கையும் உருவிய பிறகுதான். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகிவிட்டு, மறந்துபோய் அப்படியே சாக்கெட்டில் வோல்ட் பார்க்கப் போகாதீர்கள், அந்த நிலையில் மீட்டர் வெறும் கம்பித்துண்டு மாதிரி, நேராக ஷார்ட். கரண்ட்டைக் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள், அதுதான் நமக்கு நல்லது. சாக்கெட்டுக்கு உள்ளே, போர்டுக்கு உள்ளே லைவில் அளக்கப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே அளக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

கீசர் ஓடுகிறது, தண்ணீர் சூடாக நேரமாகிறது

முதலில் எலிமெண்ட். 2000 வாட், 230 வோல்ட் என்று கீசரில் எழுதியிருந்தால் அதன் தடை 230 × 230 ÷ 2000, அதாவது 26.45 ஓம் வர வேண்டும். அக்கா வீட்டில் ப்ளக்கை உருவி அளந்தேன், 26.8 ஓம். எலிமெண்ட் கம்பி நைக்ரோம், சூடானாலும் அதன் தடை சில சதவீதத்துக்கு மேல் ஏறாது, அதனால் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவையே நம்பலாம். எலிமெண்ட் நன்றாக இருக்கிறது. இந்த ஒரு அளவை எடுத்திருந்தால் இரண்டு எலிமெண்ட் காசு மிச்சம். உப்புப் படிவது உண்மைதான், ஆனால் உப்பு தடையை மாற்றாது, சூடு தண்ணீருக்குப் போவதைத்தான் தாமதப்படுத்தும், முற்றினால் எலிமெண்ட் உள்ளேயே காய்ந்து வெடிக்கும். அது வேறு கதை.

அடுத்து வோல்ட். மெயின் போர்டில் 228, மாடி சாக்கெட்டிலும் 228. எல்லாம் சரி என்று தோன்றும், வந்தவரும் இதைத்தான் பார்த்திருப்பார். ஆனால் கீசர் ஓடாதபோது எடுத்த அளவு இது. கரண்ட் ஓடாத ஒயரில் வோல்ட் இறங்கவே இறங்காது, ஒயர் தலைமுடி கனத்தில் இருந்தாலும் முனையில் 228 காட்டும். கீசரைப் போட்டுவிட்டு மறுபடி அளந்தேன்: மெயின் போர்டில் 224, கீசர் முனையில் 210, கிளாம்பில் 7.8 ஆம்பியர்.

இப்போது கணக்கு போடுவோம். கீசருக்குப் போய்ச் சேரும் திறன் 210 × 7.8, சுமார் 1640 வாட். தெருவிலிருந்து மெயின் வரை விழுந்தது 4 வோல்ட், அதாவது 4 ÷ 7.8 = 0.5 ஓம், அது இபி பக்கம், நம் கையில் இல்லை. மெயினிலிருந்து மாடி வரை விழுந்தது 14 வோல்ட், 14 ÷ 7.8 = 1.8 ஓம். அந்த மாடி பிற்பாடு எடுத்தது, 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்து விட்டிருக்கிறார்கள், தூரம் ஏறத்தாழ 25 மீட்டர். போக வர 50 மீட்டர். செம்பு ஒயர் 1 சதுர மில்லிமீட்டரில் மீட்டருக்கு 0.0172 ஓம், ஆக 0.86, ஒயர் லேசாகச் சூடாகும் என்பதால் 0.9 என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 0.9 ஓம் எங்கே போனது? ஒயர் கணக்கில் வராத தடை என்றால் அது ஏதோ ஒரு ஜாயிண்ட்டில்தான் உட்கார்ந்திருக்கும். 7.8 × 7.8 × 0.9, சுமார் 55 வாட் அந்த ஒரே புள்ளியில் சூடாகிறது.

மாடிப்படி மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். பழைய ஒயரையும் புது ஒயரையும் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், டேப் கருகிப் பொடியாகக் கொட்டியது. மூடியின் உள்பக்கமும் பழுப்பாகியிருந்தது. பார்த்ததும் அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சரி, 1640 வாட் வந்தால் தண்ணீர் ஓரளவு சூடாக வேண்டுமே, ஏன் வெதுவெதுப்பு? அது காலை நேரச் சங்கதி. தெருவே மோட்டாரும் கீசரும் போடும் ஆறரை மணிக்கு மெயினில் 200 வோல்ட்தான் வருகிறது, நான் மறுநாள் எழுந்து பார்த்தேன். எலிமெண்ட் 26.8, வீட்டு ஒயரும் ஜாயிண்ட்டும் 1.8, தெரு 0.5, மொத்தம் 29.1 ஓம். 200 ÷ 29.1 = 6.87 ஆம்பியர், எலிமெண்ட்டில் 6.87 × 6.87 × 26.8, சுமார் 1265 வாட். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 15 × 4186 × 25, ஏறக்குறைய 15.7 லட்சம் ஜூல் வேண்டும். 2000 வாட்டில் 13 நிமிடம், 1265 வாட்டில் 21 நிமிடம் ஆகும். அக்கா பழக்கப்படி பத்து நிமிடத்தில் குழாயைத் திறந்துவிடுவார். ரிப்பேருக்கு வந்தவரோ மத்தியானம் வந்து பார்த்துவிட்டு நல்ல சூடாக இருக்கிறது என்று போய்விடுவார்.

2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை இடையில் ஜாயிண்ட் இல்லாமல் மெயினிலிருந்து நேராக இழுத்தோம். ஒயர் தடை 0.35 ஓமுக்கு இறங்கியது, மத்தியான வோல்ட்டில் கீசருக்கு 1800 வாட்டுக்கு மேல் கிடைக்கிறது.

ப்ளக் பின் கருகுகிறது, சாக்கெட் உருகுகிறது

மேலே சொன்னதன் தம்பிதான் இது. சாக்கெட் உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்துபோனால் பின் சரியாக ஒட்டாது, அரை ஓம் தடை சர்வசாதாரணமாக வந்துவிடும். 8.7 ஆம்பியர் ஓடும் கீசரில் 8.7 × 8.7 × 0.5, சுமார் 38 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்களிடம் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதுவே ஈயத்தை உருக்கிவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் 38 வாட் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே சாக்கெட்டில் 75 வாட் டேபிள் ஃபேன் போட்டால் 0.33 ஆம்பியர், 0.33 × 0.33 × 0.5, வெறும் 0.05 வாட். தொட்டால் தெரியவே தெரியாது. "ஃபேன் போட்டா ஒண்ணும் ஆகல, கீசர் போட்டாதான் கருகுது, அப்ப கீசர்லதான் கோளாறு" என்று வாதம் செய்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கரண்ட் 26 மடங்கு ஏறினால் சூடு கிட்டத்தட்ட 700 மடங்கு ஏறுகிறது.

எந்த முனை தளர்வு என்று தெரிய: சாதனத்தைக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, மெயினை நிறுத்தி, ப்ளக்கை உருவிப் பின்களைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பின் மட்டும் சுடுகிறது என்றால் அந்தப் பக்கச் சாக்கெட் பிடியோ, ப்ளக்குக்குள் இருக்கும் ஸ்க்ரூவோ. இரண்டும் சமமாகச் சுட்டால் சாக்கெட்டே அந்த லோடுக்குப் பத்தாதது, 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் ப்ளக் போட்டு ஓட்டும் கேஸ். பின்னை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அதே சாக்கெட்டில் செருகுவது நேர விரயம். ஒருமுறை சூட்டில் தளர்ந்த பித்தளை திரும்ப இறுகாது, சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

அயர்ன் பாக்ஸ் போட்டதும் லைட் மங்குகிறது

போடுவதற்கு முன் வோல்ட், போட்ட பிறகு வோல்ட், ஓடும் கரண்ட், இந்த மூன்றும் போதும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர் எடுக்கும்போது 3 வோல்ட் இறங்கினால் பின்னால் உள்ள தடை 0.7 ஓம், பரவாயில்லை. 12 வோல்ட் இறங்கினால் 2.8 ஓம், எங்கோ லூஸ். அதே அளவை மெயின் போர்டிலும் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் 12 இறங்கினால் வீட்டுக்கு வெளியே, சர்வீஸ் ஒயரிலோ கம்பத்திலோ. அங்கே 2 மட்டும் இறங்கினால் உங்கள் சுவருக்குள்.

கிளாம்ப் மீட்டர் இல்லையா? இபி மீட்டரே இருக்கிறது. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருந்தால் ஒரு மின்னலுக்கு 36 லட்சம் ÷ 3200 = 1125 ஜூல். மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 30 வினாடியில் எத்தனை மின்னல் என்று எண்ணுங்கள். 26 வந்தால் 26 × 1125 ÷ 30 = 975 வாட். அதை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். சோம்பேறித்தனமான வழிதான், ஆனால் ஒரு பைசா செலவில்லை.

கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்விவிட்டீர்கள். போகும் கரண்ட்டும் வரும் கரண்ட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரே ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். ரொம்பச் சின்னக் கரண்ட் என்றால் அந்த ஒயரைப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, வந்த எண்ணைப் பத்தால் வகுங்கள்.

குண்டு பல்பின் தடை கணக்கோடு ஒத்துவரவில்லை

100 வாட் பல்பைக் கையில் வைத்து அளந்தால் 40 ஓம் பக்கம் காட்டும். 230 × 230 ÷ 40 போட்டால் 1300 வாட்டுக்கு மேல் வரும், மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டுகிறது, தடை பத்துப் பதினைந்து மடங்கு ஏறி 529 ஓம் ஆகிறது. பல்ப் எப்போதும் ஸ்விட்ச் போடும் நொடியில்தான் பொட்டென்று போவதற்கும் இதுதான் காரணம். எல்இடி பல்பை ஓமில் அளப்பது வீண் வேலை, உள்ளே இருப்பது சர்க்யூட், அதற்கு ஒரே தடை என்று ஒன்று கிடையாது.

மோட்டார் உம்ம் என்று நிற்கிறது, அல்லது கணக்கு எகிறுகிறது

மோட்டார் காயிலை ஓமில் அளந்து வோல்ட்டை அதால் வகுக்காதீர்கள். காயில் 3 ஓம் என்றால் 76 ஆம்பியர் வரும், ஓடும் மோட்டார் அவ்வளவு எடுப்பதில்லை. சுற்றும்போது மோட்டாரே எதிர் வோல்ட் உண்டாக்கிக் கரண்ட்டைத் தடுக்கிறது. அதனால்தான் சுற்றாமல் மாட்டிக்கொண்டால் கரண்ட் பல மடங்கு பாய்கிறது, உம்ம் என்ற சத்தத்தோடு சூடேறி எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் போர்டு ஸ்விட்ச்) விழுகிறது. பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்லையென்றால் பம்ப் இறுகியிருக்கும். மறுபடி மறுபடி ஸ்விட்ச்சைத் தட்டிப் பார்க்காதீர்கள், காயில் வெந்துவிடும்.

மோட்டாரில் வோல்ட் × ஆம்பியர் போட்டால் வருவது வாட் அல்ல, அதை பவர் ஃபேக்டரால் (அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) பெருக்க வேண்டும். 228 வோல்ட், 6 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் சுமார் 1100 வாட்தான்.

இன்னொன்று, லோ வோல்டேஜில் கீசரும் மோட்டாரும் நேர் எதிராக நடந்துகொள்ளும். வோல்ட் குறைந்தால் கீசரில் கரண்ட்டும் குறையும், வேலை தாமதமாகும், கெட்டுப்போகாது. மோட்டாரோ அதே தண்ணீரை இழுக்க வேண்டியிருப்பதால் கூடுதல் கரண்ட் எடுத்துச் சூடாகும். கோடையில் போர் மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கூட்டம் நிற்பது சும்மா இல்லை.

எம்சிபி விழுகிறது

போட்ட உடனே விழுந்தால் ஷார்ட். இருபது நிமிடம் கழித்து விழுந்தால் ஓவர்லோடு என்பார்கள், கிளாம்ப் வைத்துப் பாருங்கள். 2000 வாட் கீசரும் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பும் ஒரே லைனில் இருந்தால் 17.4 ஆம்பியர், 16 ஆம்பியர் எம்சிபி இதைக்கூட ஒரு மணி நேரம் தாங்கும். ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது 23 ஆம்பியரைத் தாண்டினால்தான். ஆனால் கிளாம்பில் 11 ஆம்பியர்தான் காட்டுகிறது, எம்சிபி விழுகிறது என்றால்? அதன் ஸ்க்ரூ லூஸ். அங்கே உண்டாகும் சூடு உள்ளே இருக்கும் வளையும் தகட்டுக்கு ஏறி, அதிகக் கரண்ட் ஓடுவதாக அதை ஏமாற்றிவிடுகிறது. 32 ஆம்பியர் எம்சிபி வாங்கி மாட்டுவது இதற்கு வைத்தியம் அல்ல. சப்ளையை நிறுத்தி ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

ஆர்சிசிபி (ஷாக் அடிக்காமல் காக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் கதை வேறு, அது பார்ப்பது கரண்ட் எர்த்துக்குக் கசிவதை. 30 மில்லி ஆம்பியருக்கு 230 ÷ 0.03, சுமார் 7,700 ஓம், அந்த அளவுக்கு எலிமெண்ட்டுக்கும் அதன் உறைக்கும் நடுவில் இன்சுலேஷன் இறங்கினாலே கட்டாயம் விழும், பெரும்பாலும் அதற்கு முன்பே விழுந்துவிடும். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி வோல்ட்டில் இந்தக் கசிவு சில சமயம் தெரியாது, இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மீட்டரில் வோல்ட் இருக்கிறது, எதுவும் ஓடவில்லை

டிஜிட்டல் மீட்டரின் உள் தடை பொதுவாக 10 மெகா ஓம். அறுந்து கிடக்கும் ஒயர் பக்கத்து ஒயரிலிருந்து ஒட்டிக்கொண்ட 90 வோல்ட்டைக் காட்டும்போது அதில் ஓடுவது 9 மைக்ரோ ஆம்பியர், கொசுவுக்குக்கூட உறைக்காது. பழைய எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டி இரண்டு ஒயரோடு வைத்திருப்பார்களே, அதை வைத்துப் பார்த்தால் பொய் வோல்ட் உடனே படுத்துவிடும்.

டெஸ்டர் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது, ஏதோ ஒரு சாதனம் வழியாக ஃபேஸ் திரும்பி வருகிறது.

மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் போனால் இதே கோளாறு ஆளைக் கொல்லும், பொருளையும் எரிக்கும். ஒரு ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், 53 ஓம். இன்னொன்றில் 100 வாட் குண்டு பல்ப், 529 ஓம். நியூட்ரல் இல்லாததால் இரண்டும் தொடராக 400 வோல்ட்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். 400 ÷ 582 = 0.69 ஆம்பியர், ஆக அயர்ன் பாக்ஸுக்கு 36 வோல்ட், பல்புக்கு 364 வோல்ட். பல்பின் இடத்தில் டிவி இருந்தால் அது போனது போனதுதான். ஒரு அறையில் லைட் மங்கி இன்னொரு அறையில் கண் கூசினால் அளக்கவெல்லாம் வேண்டாம், மெயினை இறக்கிவிட்டு இபிக்குச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் ஐந்து நிமிடத்தில் லோ பேட்டரி என்று கத்துகிறது

பேட்டரி மாற்றச் சொல்வார்கள், அதற்கு முன் ஒரே ஒரு அளவு. 12 வோல்ட் பேட்டரியில் 600 வாட் லோடு என்றால் 50 ஆம்பியர், இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்தால் 60. வீட்டு ஒயரில் இவ்வளவு கரண்ட்டை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள், அதனால் இங்கே ஓமின் நூறில் ஒரு பங்கு கூடப் பெரிய விஷயம். 0.01 ஓம் × 60 = 0.6 வோல்ட், சூடு 36 வாட். பேட்டரியில் 11.4 இருந்தாலும் இன்வெர்ட்டருக்கு 10.8 தான் தெரியும், அது கட் ஆகிவிடும்.

லோடு ஓடும்போது மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தண்டிலும் இன்னொன்றை அதை இறுக்கியிருக்கும் கிளாம்ப்பிலும் வையுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் தனித்தனியாக. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம், பூஜ்யத்தை ஒட்டித்தான் வர வேண்டும். என் வீட்டில் மைனஸ் பக்கம் 0.58 வந்தது, தண்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. இன்வெர்ட்டரை நிறுத்தி, மைனஸை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெந்நீரை மூடிக்குள் இறங்காமல் ஊற்றித் தேய்த்துக் கழுவி, துடைத்து, மாட்டி இறுக்கிவிட்டு மேலே வாஸ்லின் தடவினேன். ஸ்பேனர் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப அதே லோடில் அளந்தபோது 0.03. அன்று ராத்திரி கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஃபேன் ஓடியது.